ஆயா சென்டரில் ரெண்டு பிளான்

ஒரே சரக்குக்கு ரெண்டு விலை சொல்லுகிற ஆளைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் தட்டும். ஒரு விலை என்றால் பேரம் பேசலாம், கட்டுப்படியாகாது என்றால் நடையைக் கட்டலாம். ரெண்டு விலை என்றால் அதில் ஒன்று நமக்கு வெட்டி வைத்த குழி. எது குழி என்று விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே ஆயா சென்டர் மேடம் கல்கத்தாவை ஒட்டிய எங்கள் சாந்த்ராகாச்சி வீட்டில் வந்து உட்கார்ந்து, "மாசிமா, எங்ககிட்ட ரெண்டு பிளான் இருக்கு" என்று பெங்காலியில் தேன் ஒழுகப் பேச ஆரம்பித்ததுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மாசிமா என்று சித்தி முறை கொண்டாடியதைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊரில் காய்கறிக்காரன்கூட என்னை அப்படித்தான் கூப்பிடுவான். ஆனால் முதல் சந்திப்பிலேயே உறவு கொண்டாடுகிறவர் கையில் ரசீதுப் புத்தகமும் இருந்தால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

என் வீட்டுக்காரருக்காகத்தான் அவளை வரவழைத்திருந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டேஷனை ஒருதரம் எட்டிப்பார்க்காவிட்டால் இருப்புக் கொள்ளாது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் எட்டிப்பார்க்கப் போனவர் நடைமேம்பாலப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, உள்ளே தகடு வைத்து, கையில் ஒரு வாக்கரையும் கொடுத்து அனுப்பினார்கள். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தினமும் எழுந்து நிற்க வேண்டும், வாக்கரைப் பிடித்து அறைக்குள் நடக்க வேண்டும், ஆறு வாரத்தில் நடப்பவர்களும் உண்டு, மூன்று மாதம் ஆகிறவர்களும் உண்டு, ஆனால் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், அப்புறம் எழுந்திருக்கவே முடியாமல் போய்விடும். "எழுந்திருக்கவே" என்ற இடத்தில் அவர் என்னைப் பார்த்தார்.

நான் கிடர்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். இருந்த லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துபோனது. ஹைதராபாத்தில் இருக்கும் ஒரே மகன் ஆபரேஷனுக்கு வந்து, இருந்து, திரும்பிப் போய்விட்டான். காலையில் நான் கிளம்பினால் சாயங்காலம் வரை இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கல்கத்தாவில் அதற்குப் பஞ்சமே இல்லை. தெருவுக்கு ஒரு ஆயா சென்டர் உண்டு. ஒரு அறை, ஒரு ஃபோன், ஒரு காளி படம். பேசினால் மறுநாள் காலையில் நோயாளியைக் கவனிக்க ஒரு பெண்பிள்ளை வந்து நிற்பாள்.

மேடம் சொன்ன ரெண்டு பிளானும் இதுதான். முதல் பிளானில் ஒன்பதாயிரம் கட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆறு மாதம் செல்லும். அதன் பிறகு ஆயா வருகிற ஒவ்வொரு பகலுக்கும் நானூற்றைம்பது. ரெண்டாவது பிளானில் பதிவுக் கட்டணம் கிடையாது, முன்பணம் கிடையாது, வந்த நாளுக்கு அறுநூறு, அவ்வளவுதான்.

அவள் டீ குடித்து முடிப்பதற்குள் எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் ரெண்டு சமன்பாட்டையும் எழுதிவிட்டேன். நாட்களை x என்று வைத்தால் முதல் பிளானின் செலவு 9000 + 450x. ரெண்டாவதன் செலவு 600x. ரெண்டையும் சமமாக்கினால் x அறுபது. கோடு போட்டுப் பார்த்தால் ஒன்று உயரத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏறும், இன்னொன்று தரையில் ஆரம்பித்து விறுவிறு என்று ஏறும், அறுபதாவது நாளில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். அறுபதுக்குக் கீழே என்றால் தினக்கூலிப் பிளான் லாபம், மேலே என்றால் பதிவுப் பிளான் லாபம். வகுப்பில் நூலகக் கட்டணத்தை வைத்து இதே கணக்கை எத்தனை வருஷமாகப் பலகையில் போட்டிருக்கிறேன்!

வகுப்பில் நான் இன்னொன்றுக்கும் தொண்டை கிழியக் கத்துவேன். "x என்றால் என்ன என்று முதலில் எழுது, அப்புறம் கணக்கில் கையை வை" என்பேன். இங்கே x என்றால் என்ன? இவர் படுக்கையில் கிடக்கப்போகிற நாட்கள். அந்த நாட்கள் ஏன் நிற்கின்றன என்று கணக்குக்குக் கவலை கிடையாது. எழுந்து நடந்தாலும் x நின்றுவிடும். இன்னொன்று நடந்தாலும் நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே விடைதான். எக்ஸ்ரே உறையை மடக்கி அலமாரிக்கு மேலே வைத்தேன்.

"நீ எதைச் சொல்லுவே?" என்று மேடத்தின் வாயைப் பிடுங்கினேன். அவள் எழுந்து உள்ளே போனாள். இவரிடம் நாலு வார்த்தை பேசினாள். காலைத் தொட்டு, விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். வெளியே வந்து, "தினக்கூலியே போதும் மாசிமா, ஒன்பதாயிரத்தை எதுக்கு வீணாக் கட்டணும்" என்றாள்.

போச்சு. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஏமாற்றுக்காரி என்றால் தனக்கு லாபமானதைத்தானே தள்ளிவிடுவாள்? தினக்கூலி அவளுக்கு லாபம் என்றால் அறுபது நாளுக்கு மேல் கிடப்பார் என்று நினைக்கிறாள். நேர்மையானவள் என்றால் அறுபதுக்குள் முடிந்துவிடும் என்று நினைக்கிறாள். எப்படி முடியும் என்று? எத்தனை நோயாளிகளைப் பார்த்த கண் அது! இவர் முகத்தில் எதைப் பார்த்தாள்? கடைசியில், கடவுளே, அவள் ஏமாற்றுக்காரியாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. நல்ல வேளையாக, பத்துப் பன்னிரண்டு நாள் பார்த்துவிட்டு எந்தப் பிளான் என்று சொல்லுங்கள், பதிவு செய்தால் போன நாட்களையும் அதிலேயே சேர்த்துக்கொள்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதிலும் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை ஆயா வந்தாள். நாற்பதைத் தொட்ட வயது, ஒல்லி உடம்பு, கையில் ஒரு துணிப்பை. நான் அவளை அக்கா என்கிற அர்த்தத்தில் தீதி என்றேன், அவள் என்னை மாசிமா என்றாள், இவரைச் சித்தப்பா முறை வைத்து மேசோ என்றாள். இவரைப் புரட்டுவதிலும் துடைப்பதிலும் கை பூப்போல இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை இல்லாதவர்களைக் கண்டால் எனக்குக் கூடுதல் சந்தேகம்.

மத்தியானச் சாப்பாட்டில்தான் முதல் வில்லங்கம் வந்தது. பதிவுப் பிளானில் சாப்பாடு நம்முடையது, தினக்கூலியில் அவளே பார்த்துக்கொள்வாள் என்று பேச்சு. வீட்டில் சமைப்பதில் ஒரு கை சோறு கூடுதலாக வைத்தால் போயிற்று என்று நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. திருநெல்வேலிச் சைவர்கள் வீட்டில் வேறெப்படித் தோன்றும்? சாம்பார், ரசம், அவியல் எல்லாம் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது.

"ஏன் தீதி சாப்பிடலை?"

"மாசிமா, கோவிச்சுக்காதீங்க. உங்க ரசம் ஜுரத்துக்குக் குடிக்கிற கஷாயம் மாதிரி இருக்கு. ஒரு துண்டு மீன் இல்லாம எனக்குச் சோறு இறங்காது. உங்க வீட்ல மீன் வராதுன்னு தெரியும். பதிவுப் பிளான் எடுத்தீங்கன்னா சாப்பாட்டுக்காசாத் தந்துடுங்க, ஒரு நாளைக்கு அம்பது."

ரசத்தைக் கஷாயம் என்றதற்கே அவளை அனுப்பியிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எக்ஸ்ரே உறையை எடுத்தேன். 450 ஐந்நூறாயிற்று. 9000 + 500x = 600x. x தொண்ணூறு. அட சவமே! ஒரு துண்டு மீன் முழுசாக ஒரு மாதத்தைத் தள்ளிப்போட்டுவிட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். மீன் இல்லாமல் இவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்று தெரியாதா? தெரியும். ஆனால் என் அடுப்படியில் நின்று கணக்குப் போட்டதால் மீன் ஞாபகத்துக்கே வரவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால்தான் பதிவுப் பிளான் கட்டுப்படியாகும். மேடம் தினக்கூலியைச் சொன்னதற்கு இந்த மீன்தான் காரணமோ என்றும் ஒரு யோசனை வந்தது.

அன்றைக்கே மகனுக்குப் ஃபோன் போட்டு முழுக்கக் கொட்டினேன். அதன் பிறகு தினமும் சாயங்காலம் இதே பேச்சுத்தான். அறுபது, தொண்ணூறு, அறுநூறு, ஐந்நூறு. எங்கள் வீடு ஒன்றரை அறை வீடு. அடுப்படியில் கடுகு தாளித்தால் கட்டிலில் இருப்பவர் தும்முவார். நான் பேசுவது இவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. விழுந்தால் என்ன, நான் என்ன ரகசியமா பேசுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் கொடுத்த தவணை முடியப்போகிற சமயத்தில் மகன் சொன்னான், "அம்மா, சும்மா கொழப்பிக்காதே. டெய்லி பிளானே எடு. கண்ணை மூடிட்டு எடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவனும் தினக்கூலி என்கிறான். இவன் ஒன்றும் மேடம் இல்லை, இவனுக்கு லாபமும் இல்லை. அப்படியானால் x சின்னது என்று இவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பின அன்று டாக்டரும் இவனும் வராந்தா ஓரத்தில் நின்று குசுகுசு என்று பேசியதைப் பார்த்திருந்தேன். நான் மருந்து வாங்கிக்கொண்டு வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏலே, உண்மையைச் சொல்லு. டாக்டர் உன்கிட்ட தனியா என்ன சொன்னாரு?"

"எப்போம்மா?"

"டிஸ்சார்ஜ் அன்னைக்கு. வராந்தாவுல. மறைக்காதே. எனக்கு வயசு அம்பத்தெட்டு ஆவுது, எதையும் தாங்குவேன்."

"அய்யோ அம்மா! ஆம்புலன்ஸை எந்த கேட்டுக்கு வரச் சொல்லணும்னு கேட்டேன். அதைச் சொன்னாரு. அவ்வளவுதான்."

"பொறவு எதை வச்சுடா டெய்லி பிளான்ங்கே?"

"அப்பாதான் நல்லா நடக்காங்களே! தினமும் நாலு ரவுண்டு வாக்கர்ல நடக்காங்கன்னு தீதி சொன்னாங்க. நான் மத்தியானம் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். இந்த ரேட்ல போனா ரெண்டு மாசத்துல ஸ்டேஷனுக்கே போயிடுவாங்க."

நாலு ரவுண்டா? நான் பார்த்து இவர் ஒரு எட்டு வைத்ததில்லை. காலையில் நான் எழுப்பினால், "தீதி வந்து நடத்துவா, நீ பஸ்ஸைப் பிடி" என்பார். சாயங்காலம் வந்து கேட்டால், "நடந்தாச்சு, அலுப்பா இருக்கு" என்பார். ஃபோனை வைத்துவிட்டு, இவர் தூங்கின பிறகு வாக்கரைத் தலைகீழாகத் திருப்பினேன். நாலு காலிலும் போட்ட ரப்பர் குப்பி கடையில் வாங்கின மேனிக்குப் பளபள என்று இருந்தது. தரையில் பட்டிருந்தால் ஒரு கீறலாவது இருக்க வேண்டாமா?

அப்புறம் என்ன, கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. இவர் எழுந்தால் அவளுக்கு வேலை போய்விடும். கிடக்கக் கிடக்க அவளுக்கு நாள் கூடும். x பெரிதானால் லாபம் யாருக்கு? நடத்தாமலே நடத்தினேன் என்று என் பிள்ளையிடம் பச்சைப் பொய் சொல்லி, இவரைப் படுக்கையிலேயே போட்டுவைக்கிறாள், பாவி. டாக்டர் என்னைப் பார்த்த அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. இவள் என் புருஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பூசி மெழுக விரும்பவில்லை.

மறுநாள் பாதி நாளோடு அனுமதி கேட்டுப் பள்ளியிலிருந்து கிளம்பினேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தீதி கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், யார் கேட்டார்களோ. வாக்கர் ஜன்னலோரத்தில் நின்றது. அதன் மேல் இவருடைய ரெண்டு லுங்கியும் ஒரு துண்டும் ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. கையும் களவுமாக மாட்டினாள்!

"இது என்ன வாக்கரா, துணி காயப்போடுத கொடியா?" என்று தமிழிலேயே ஆரம்பித்து, அப்புறம் அவளுக்குப் புரியட்டும் என்று பெங்காலிக்கு மாறினேன். "நாலு சுற்று நடந்தார் என்று என் பையனிடம் சொன்னாயே, எந்த வீட்டில் நடந்தார்? இவர் படுத்தே கிடந்தால்தானே உனக்குச் சம்பளம் ஓடும்? நீ இப்படிப்பட்டவள் என்று உன் மேடத்திடம் சொல்கிறேன் பார்."

அவள் முகம் கறுத்துவிட்டது. ஒரு வீட்டிலிருந்து புகார் போனால் சென்டரில் அப்புறம் நல்ல வீடாகக் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, சீப்பையும் டிபன் டப்பாவையும் எடுத்துத் துணிப்பையில் போட்டாள். நான் ஃபோனை எடுத்தேன்.

"ஃபோனைக் கீழ வையிளா," என்றார் இவர், சுவரைப் பார்த்தபடியே. "அவ பொய் சொல்லல. நான்தான் சொல்லச் சொன்னேன்."

"எதுக்கு?"

நான் தீதியைப் பார்த்தேன். அவள் இவரைப் பார்த்தாள். "மேசோ, சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வந்த ரெண்டாம் நாளே அவள் இவரை எழுப்பி நிற்க வைத்திருக்கிறாள். நன்றாகத்தான் எழுந்தாராம். நின்றதும் தொடை வெடவெட என்று ஆடி, அடக்க முடியாமல் போய், லுங்கியோடு தரையெல்லாம் நனைந்துவிட்டது. "அதெல்லாம் சகஜம் மாசிமா, படுக்கையில கிடந்தவங்களுக்கு அப்படித்தான் ஆகும். ஆனா மேசோ கொழந்தை மாதிரி அழுதாங்க. மாசிமாகிட்ட சொல்லாதேன்னு என் தலைமேல சத்தியம் வச்சுட்டாங்க. தினமும் கேக்குறேன். சில நாள் உட்காருவாங்க, காலைத் தொங்கப் போடுவாங்க. நிக்கிறதுக்கு முன்னாலயே அப்படி ஆயிடுது. நான் துவைச்சுப் போட்டுடுறேன்."

நான் ஜன்னலோரத்து லுங்கிகளைப் பார்த்தேன். கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இல்லை, போகவில்லை, இவர் பக்கம் திரும்பிக்கொண்டது.

"அத்தான், என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் யாரு, ஊரானா? உங்க துணியை நான் அலசமாட்டேனா?"

"சொன்னா அதையும் கணக்குல சேப்பே," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

"தினமும் சாயங்காலம் அறுபதுங்கே, தொண்ணூறுங்கே. நான் இங்கன படுத்துக் கெடக்கயில டாக்ஸி மீட்டர் ஓடுத மாதிரியே கேக்கு. எந்திக்கணும்னு நெனச்சாலே, இன்னைக்கு அறுநூறுலா, சீக்கிரம் எந்தி, சீக்கிரம் எந்தின்னு உள்ளுக்குள்ள யாரோ வெரட்டுதான். உடனே அது வந்திருது. நான் என்னளா செய்ய? எந்திக்கவும் பயமா இருக்கு. எந்திக்காமலே போயிருவனோன்னும் பயமா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நாள் இப்படியே கெடக்கேனே. அதுக்கு ஏதாவது பிளான் இருக்கான்னு அந்த மேடத்துட்ட கேட்டுப் பாரு."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் பயமாக இருக்கிறது என்று இவர் வாயால் நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் மூக்கைச் சிந்தாமல் எனக்கு முடியாது, அடுப்படிக்குப் போய்ச் சிந்திவிட்டு வந்தேன். தீதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குச் சரியாக வராது. "பையை உள்ளே வை. மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை. நியாயம்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பையைக் கீழே வைத்தாள்.

இவர் காது கேட்கவே மேடத்துக்குப் ஃபோன் போட்டேன். பதிவுப் பிளான் வேண்டும், ஆறு மாதத்துக்கு எழுதிக்கொள், இந்த தீதியையே அனுப்ப வேண்டும், வேறு யாரையும் மாற்றக் கூடாது என்றேன். மறுமுனையில் மேடம் பதறினாள்.

"ஏன் மாசிமா? மேசோவுக்குக் கால்ல நல்ல பலம் இருக்கு, நான் தொட்டுப் பார்த்தேனே. அதுக்கு முன்னாலயே எந்திரிச்சு நடந்துடுவாங்க. ஒன்பதாயிரம் உங்களுக்கு நஷ்டமாயிடும்."

நேர்மையானவள்தான் போலிருக்கிறது. அதை நம்புவதற்கே எனக்குச் சிரமமாக இருந்தது. "நஷ்டமானால் ஆகட்டும், நீ எழுது" என்றேன். எந்தக் கோடு எதை எங்கே வெட்டுகிறது என்று நான் பார்க்கவில்லை. தினமும் காசு ஓடுவது நிற்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் ஆறு மாதம் என்று நான் வாயால் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வழக்கமாக மகனைக் கூப்பிடுகிற நேரத்தில் நான் கூப்பிடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தீதி கிளம்புவதற்கு முன்னால் மருந்துகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கீழே மணியடித்துக்கொண்டு ஒரு ரிக்‌ஷா போனது. இவர் என் பக்கம் திரும்பினார்.

"இப்போ எத்தனை நாளுன்னு வச்சிருக்கே?"

"ஒண்ணும் வைக்கல."

கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். சந்தேகம் இவருக்கும் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "பொய் சொல்லுதே. மனசுக்குள்ள ஒரு நம்பர் வச்சிருப்பே."

"சத்தியமா வைக்கல அத்தான். உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ. தோணலன்னா வேண்டாம். சும்மா கெடங்க."

அவர் போர்வையை ஒதுக்கித் தள்ளினார். பிறகு ரெண்டு கையையும் என் பக்கம் நீட்டி, "அப்போ பிடி," என்றார்.

தீதி மருந்து டப்பாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதலில் காலைத் தொங்கப் போட்டோம். மூச்சு வாங்கினார். வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள் தீதி. இவர் அதைப் பிடித்து, என் தோளையும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். முழுசாக எழுந்துவிட்டார். எத்தனை நாளுக்கு அப்புறம் அண்ணாந்து பார்க்கும்படி என் எதிரே நின்றார்! தொடை நடுங்கியது, அந்த நடுக்கம் என் தோள் வரைக்கும் வந்தது. அப்புறம் என் காலடி சூடாக நனைந்தது. நான் குனியவில்லை. தீதியும் குனியவில்லை.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் அத்தான்," என்றேன். "நின்னீங்க."